தேனீக் கொட்டு அலர்ஜி இருந்தும் தேனீ வளர்ப்பது எப்படி: குவாசூலு நடால் வளர்ப்பாளருக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் வீட்டுப் பின்புறத்திலோ கரும்புத் தோட்ட ஓரத்திலோ இரண்டு மூன்று தேனீப் பெட்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கொட்டில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, பயந்துபோய், இனி பெட்டிப் பக்கம் போகலாமா கூடாதா என்று தவிப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும். எனக்கும் இந்த அலர்ஜி உண்டு. சிகிச்சை எடுத்துக்கொண்டு இன்றும் பெட்டி திறக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன்.

அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் தடிமனான உடுப்பு வாங்குகிறார்கள். அப்புறம் மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை. மருத்துவரிடம் போவது கடைசியில், அதுவும் இன்னொரு கொட்டு வாங்கிய பிறகு. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: மருத்துவர், அட்ரினலின் (கடும் அலர்ஜியை நிறுத்தும் ஊசி மருந்து), துணையாள், உடுப்பு, அதற்குப் பிறகுதான் பெட்டி. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

## 1. உங்களுக்கு வந்தது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

கொட்டிய இடத்தில் வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம், மறுநாள் அரிப்பு. இது எல்லோருக்கும் வருவது, அலர்ஜி அல்ல.

கையில் கொட்டினால் முழங்கை வரை வீங்குவது, 10 செ.மீ.க்கு மேல் பரவி ஒரு நாளைத் தாண்டியும் நிற்பது இரண்டாவது வகை. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் இப்படி வீங்கியவர்களில் அடுத்த கொட்டுக்கு உடம்பு முழுக்கப் பாதிப்பு வருவது 100-க்கு 10 பேருக்கும் குறைவு. அவர்களும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது, பதற வேண்டாம்.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கொட்டியது காலில், தடிப்பு வந்தது வயிற்றிலும் கழுத்திலும். உதடு, நாக்கு வீங்குவது, தொண்டை இறுகுவது, குரல் கம்முவது, மூச்சு வாங்குவது, வாந்தி, வயிற்றைப் பிடித்து இழுப்பது, தலை சுற்றல், மயக்கம். கொட்டிய இடத்தை விட்டு விலகி வேறு எங்கு அறிகுறி வந்தாலும் அது உடம்பு முழுக்க நடக்கும் எதிர்வினை. கடுமையாகும்போது அதை அனாஃபிலாக்சிஸ் என்கிறார்கள். ஒருமுறை இப்படி வந்த பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடுத்த கொட்டிலும் வரலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தோல் தடிப்பு இல்லாததால் "அலர்ஜி இல்லை, வெயில் மயக்கம்தான்" என்று முடிவு கட்டுவது. தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் ரத்த அழுத்தம் மட்டும் சரிந்து விழுபவர்களும் உண்டு. கொட்டிய சில நிமிடத்தில் மயக்கம் வந்தால் அதை வெயில் மேல் போடாதீர்கள்.

கொட்டியது தேனீதானா என்பதையும் குறித்து வையுங்கள். தேனீ கொடுக்கைத் தோலிலேயே விட்டுப்போகும். குளவி பொதுவாக விடாது. இரண்டின் நஞ்சும் வேறு, சிகிச்சையும் வேறு. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான்.

## 2. பெட்டியை இன்னொருவர் கையில் கொடுங்கள்

மூன்றாவது வகை உங்களுக்கு வந்திருந்தால், பரிசோதனை முடிந்து அட்ரினலின் கைக்கு வரும்வரை பெட்டியைத் தொடக் கூடாது. தண்ணீர் வைக்க, புல் வெட்ட என்றுகூடப் போக வேண்டாம். புல் வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு போதும், நம் ஊர்த் தேனீ கிளம்பி வர.

நம்மிடம் இருப்பது ஸ்குட்டெல்லாட்டா என்னும் ஆப்பிரிக்கத் தேனீ. ஐரோப்பியத் தேனீயைப் போல ஒன்றிரண்டு வந்து மிரட்டிவிட்டுத் திரும்பாது. கூட்டமாக வரும், சில நூறு மீட்டர் துரத்தும். வெளிநாட்டுக் காணொளிகளில் வெறுங்கையால் அடையைத் தூக்குபவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகச் சிலர் யோசிப்பது: "கேப் பக்கத்துத் தேனீ சாதுவாமே, அதைக் கொண்டுவந்து வைத்தால் என்ன?" செய்யவே கூடாது. கேப்பென்சிஸ் என்னும் அந்தத் தேனீயின் வேலைக்காரத் தேனீக்கள் ராணி இல்லாமலே பெண் தேனீயைப் பெருக்கும். ஸ்குட்டெல்லாட்டா கூட்டுக்குள் நுழைந்தால் அந்தக் கூடே அழியும். 1990-இல் அது வடக்கே கொண்டுவரப்பட்டதில் ஏராளமான கூடுகள் நாசமாயின. இரண்டு தேனீயின் பகுதிகளையும் பிரிக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி அதைக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள அருகில் உள்ள வளர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். புரட்டாசியை ஒட்டித்தான் இங்கே வசந்தம், கூட்டம் பிரியும் காலம். அந்த நேரத்தில் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூட்டம் பக்கத்து வீட்டுக் கூரைக்குள் போய் உட்காரும். தேனில் பாதி அவருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள்; யாரும் மறுக்க மாட்டார்கள்.

## 3. பரிசோதனைக்குப் போங்கள், ஆனால் மறுநாளே அல்ல

குடும்ப மருத்துவரிடம் உடனே போகலாம், போக வேண்டும். அலர்ஜி நிபுணரிடம் பரிந்துரைக் கடிதமும் அட்ரினலினுக்கான சீட்டும் வாங்குவதற்கு. தேனீ நஞ்சுக்கான தோல் பரிசோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் மட்டும் கொட்டிய 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்வது நல்லது. எதிர்வினை நடந்த கையோடு பார்த்தால் அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அந்த முடிவை நம்பிப் பெட்டி திறப்பதுதான் ஆபத்து.

ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல் என்னும் உயிரணுக்கள் வெளியிடும் பொருள் அது. சாதாரண நாளிலேயே அது அதிகமாக இருந்தால், உடம்பில் மாஸ்ட் செல் கோளாறு இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு எதிர்வினை மிகக் கடுமையாக வரும். அவர்களுக்கு என் ஆலோசனை, பெட்டியை விட்டுவிடுங்கள் என்பதுதான்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: எத்தனை கொட்டு, எங்கே, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், அதற்கு முன் வருடத்துக்கு எத்தனை கொட்டு வாங்குவீர்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கும் முழுநேர வளர்ப்பாளர்களை விட, ஒன்றிரண்டு பெட்டி வைத்து எப்போதாவது கொட்டு வாங்குபவர்களுக்குத்தான் அலர்ஜி ஆபத்து அதிகம். பொழுதுபோக்காக வளர்க்கும் நாம் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறோம்.

இதைக் கேட்டதும் சிலர் "அப்படியானால் வேண்டுமென்றே கொட்ட விட்டுப் பழகிக்கொள்கிறேன்" என்று கிளம்புவார்கள். உடம்பு முழுக்க எதிர்வினை வந்தவர் வீட்டில் இதைச் செய்வது உயிரைப் பணயம் வைப்பது. ஒரு கொடுக்கில் எவ்வளவு நஞ்சு இறங்கும் என்பதும் ஒவ்வொரு முறையும் மாறும். தேன் சாப்பிட்டால் அலர்ஜி போகும் என்பதும் உண்மை இல்லை. தேனில் கொடுக்கின் நஞ்சு கிடையாது.

## 4. வீட்டு மருந்துப் பெட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் சமூகத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதய நோயும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது வீட்டுக்கு வீடு தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய வளர்ப்பாளர் ஏதாவது ஒரு பிபி மாத்திரை போடுகிறவராகவே இருப்பார்.

அட்டெனொலால், பிசோப்ரொலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் அட்ரினலின் ஊசி வேலை செய்வதைக் குறைக்கலாம். எனலாப்ரில், பெரிண்டோப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு எதிர்வினையைக் கடுமையாக்கலாம். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. மாற்று உண்டா, பெட்டி வேலை செய்யலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

புரூஃபன் மாதிரி வலி மாத்திரை, மது, கடும் உடல் உழைப்பு ஆகியவையும் எதிர்வினையைத் தூண்டிவிடக்கூடியவை. பெட்டி திறக்கும் நாளில் மூன்றையும் தள்ளி வையுங்கள். விரத நாளில் பெட்டி திறக்காதீர்கள் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக: பட்டினி மயக்கமா, கொட்டு மயக்கமா என்று பிரித்தறிய முடியாமல் துணைக்கு நிற்பவர் திணறுவார்.

## 5. அட்ரினலினை வாங்கி, பழகி, சரியான இடத்தில் வையுங்கள்

கடும் எதிர்வினையை நிறுத்தும் முதல் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அது இறுகும் மூச்சுக் குழாயைத் திறக்கும், சரியும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். கொட்டினால் இதயம் நின்றுபோகும் நிலைக்கு வந்தவர்களை ஆராய்ந்ததில், கொட்டியதிலிருந்து அந்த நிலைக்கு வர நடுவளவாக 15 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. மாத்திரை கரையக்கூட அந்த நேரம் போதாது.

தானாகக் குத்தும் பேனா வடிவ ஊசி, அதாவது எபிபென், எளிது. பெரியவர்களுக்கு 0.3 மி.கி., சிறுவர்களுக்கு 0.15 மி.கி. விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் எப்போதும் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு வாங்குங்கள், ஒன்று போதாமல் போவது அபூர்வம் அல்ல.

அது கட்டுப்படியாகாவிட்டால், மருத்துவர் அட்ரினலின் ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதித் தருவார். 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.3 முதல் 0.5 மி.லி. உங்களுக்கான அளவை மருத்துவரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். அந்தத் தாளை ஆம்பூலோடு சேர்த்து வையுங்கள். மலிவானது, ஆனால் பழக்கம் வேண்டும். நடுங்கும் கையால் கண்ணாடிக் கழுத்தை உடைத்து, மருந்தை இழுத்து, காற்றை வெளியேற்றிக் குத்த வேண்டும். செவிலியர் ஒருவரிடம் உட்கார்ந்து தண்ணீர் ஆம்பூலில் பலமுறை செய்து பாருங்கள். உங்களோடு துணையாளும் பழக வேண்டும்.

குத்த வேண்டிய இடம் தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி, தசைக்குள். கையிலோ தோலுக்கு அடியிலோ போட்டால் மெதுவாகத்தான் ஏறும். எபிபென்னுக்கு நீல மூடியை எடுத்துவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி, மருந்து அட்டையில் எழுதியுள்ள நேரம்வரை பிடிக்க வேண்டும். நீல மூடிப் பக்கம் கட்டைவிரலை வைக்காதீர்கள். முனை தவறி விரலில் குத்திக்கொண்டவர்கள் உண்டு.

இனி வைக்கும் இடம். பக்கியின் (சிறு சரக்கு வண்டி) டேஷ்போர்ட் அறையில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் மிகத் தவறானதும். டர்பன் கோடையில் பூட்டிய வண்டிக்குள் இருக்கும் சூட்டில் மருந்து கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. வெளிச்சம் படாமல், அறைச் சூட்டில், 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். தோட்டத்துக்குப் போகும்போது குளிர் காக்கும் சிறு பையில் போட்டு உடம்போடு எடுத்துப் போங்கள். ஐஸைத் தொடக் கூடாது. ஊசித் திரவம் பழுப்பாக மாறினாலோ துகள் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். காலாவதி மாதத்தைக் கைபேசியில் நினைவூட்டலாகப் போடுங்கள்.

## 6. துணையாள் இல்லாமல் பெட்டி திறக்காதீர்கள்

அலர்ஜி உள்ளவருக்கு இது சட்டம் மாதிரி. ரத்த அழுத்தம் சரிந்தால் நினைவு தப்பும். பையில் ஊசி இருந்தும் எடுக்கக் கை வராது.

துணையாள் பெட்டியருகே நிற்க வேண்டாம். 30, 40 அடி தள்ளி, முகவலை அணிந்து, கார்ச் சாவியும் கைபேசியும் ஊசியும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். அண்ணி, தம்பி, பக்கத்து வீட்டு அண்ணன் யாராக இருந்தாலும் சரி, அவருக்குத் தேனீ அலர்ஜி இருக்கக் கூடாது, ஊசி குத்தத் தயக்கமும் இருக்கக் கூடாது. தயங்குபவரை அன்பு கருதி ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேறு ஆளைப் பாருங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்: அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112, தனியார் சேவைகளில் நெட்கேர் 082 911, இஆர்24 084 124. தோட்டத்துப் பெட்டிக்குத் தெரு எண் கிடையாது. கரும்புக்குள் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று பதற்றத்தில் சொல்ல வராது. அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைத் தாளில் எழுதி ஊசிப் பை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், துணையாளின் கைபேசியிலும் போட்டு வையுங்கள். வாயில் கதவு பூட்டியிருந்தால் திறப்பது யார், நாயைக் கட்டுவது யார் என்பதுவரை பேசி முடிவு செய்யுங்கள்.

## 7. நஞ்சுத் தடுப்புச் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள்

தேனீ நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி ஊசியாகப் போடும் சிகிச்சை இது. ஆரம்பத்தில் வாரந்தோறும் போல. 100 மைக்ரோகிராம் என்னும் நிலையான அளவை எட்டிய பிறகு 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. மொத்தம் 3 முதல் 5 வருடம். தேனீ நஞ்சுக்கு இது ஐந்தில் நான்கு பேரைப் பாதுகாக்கிறது. குளவி நஞ்சுக்கு இன்னும் அதிகம்.

தேனீயை விட மனமில்லாதவருக்கு நான் சொல்லும் உண்மையான வழி இதுதான். உடுப்பு கொட்டைக் குறைக்கும், தடுக்காது. அட்ரினலின் ஊசி, விபத்துக்குப் பிறகுதான். உடம்பின் எதிர்வினையை மாற்றுவது இது ஒன்றே.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். அந்த ஊசியே எதிர்வினையைக் கிளப்பலாம். வேலையிலிருந்து அனுமதி, போக்குவரத்து, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு கொடுக்கும் என்பதெல்லாம் தொடங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால் எடுத்த பலன் நிலைக்காது. நிலையான அளவை எட்டும்வரை பெட்டிப் பக்கம் போகக் கூடாது. எட்டிய பிறகும் மருத்துவர் சரி என்ற பிறகே. அடிக்கடி கொட்டு வாங்கும் வளர்ப்பாளர்களுக்குச் சில மருத்துவர்கள் 200 மைக்ரோகிராம்வரை கூட்டுவதும் உண்டு. வளர்ப்பைத் தொடரும்வரை சிகிச்சையையும் தொடரச் சொல்வார்கள். அதையும் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தவரும் அட்ரினலினைக் கைவிட வேண்டாம்.

## 8. உடுப்பு

இப்போதுதான் உடுப்பின் முறை. மூன்று அடுக்கு வலைத்துணி உடுப்பு நம் வெப்பத்துக்கு ஏற்றது. காற்றும் போகும், கொடுக்கும் தோலை எட்டாது. வெள்ளையோ வெளிர் நிறமோ போதும். கறுப்பும் கம்பளியும் தேனீயைச் சீண்டும்.

கொட்டு நுழைவது துணி வழியாக அல்ல, இடைவெளி வழியாக. கணுக்கால், மணிக்கட்டு, கழுத்தின் முன் ஜிப் சேரும் மூலை. பூட்ஸுக்கு மேல் கால்சட்டையை இழுத்து டேப் சுற்றுங்கள். தோல் கையுறை போடுங்கள். மெல்லிய ரப்பர் கையுறை அலர்ஜி உள்ளவருக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் துணையாள் உங்களைச் சுற்றி வந்து ஜிப்பைப் பார்க்கட்டும், தன் ஜிப்பை யாரும் முழுதாகப் பார்க்க முடியாது.

அந்தத் தடித்த துணியின் மேல் ஊசி குத்தினால் மருந்து தசைக்குப் போகாமல் நின்றுவிடலாம். உள்ளே மெல்லிய ஒற்றைக் கால்சட்டை மட்டும் போடுங்கள். வெளி உடுப்பைத் தொடைவரை இறக்குவது எப்படி என்று துணையாளோடு வீட்டில் செய்து பாருங்கள்.

## 9. பெட்டி திறக்கும் நாள்

சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு திறப்பது நம் தேனீக்கு ஏற்றது. கோபம் வந்தாலும் இருட்டியதும் உள்ளே அடங்கிவிடும். அக்கம்பக்கத்துக்கும் தொல்லை இல்லை. ஆனால் கோடையில் மிட்லண்ட்ஸ் பக்கம் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டும். மேகம் இருண்டு காற்று மாறும் நாளில் தேனீ சிடுசிடுக்கும், அன்று வேண்டாம். யூகலிப்டஸ் பூத்துத் தேன் வரத்து நன்றாக இருக்கும் வாரங்களில் சாந்தமாக இருக்கும். வரத்து நின்ற வறட்சி வாரங்களில் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

புகைப்பானைப் பெட்டிக்குப் போகும் முன்னமே பற்றவைத்து, குளிர்ந்த வெள்ளைப் புகை வரும்வரை பாருங்கள். காய்ந்த மாட்டுச் சாணம், மருந்து படாத சாக்கு, பைன் ஊசி எல்லாம் நல்லவை. வாசலில் இரண்டு மூன்று ஊது ஊதி, ஓரிரு நிமிடம் பொறுங்கள். புகை தேனீக்களின் எச்சரிக்கை வாசனையை மறைக்கும், அவை தேனைக் குடித்து மந்தமாகவும் நேரம் வேண்டும். புதியவர்கள் ஊதிய கையோடு மூடியைத் தூக்குகிறார்கள். அங்கேதான் முதல் கொட்டு விழுகிறது.

ஒரே நேரத்தில் ஒரே பெட்டி. பெட்டிகளை ஒட்டி வைத்திருந்தால், ஒன்றின் கோபம் அடுத்ததற்கும் பரவும். அடை கட்டிய மரச்சட்டங்களை மெதுவாக எடுங்கள். நசுங்கும் ஒவ்வொரு தேனீயும் மற்றவற்றை அழைக்கும். அந்த அழைப்பின் வாசனை பழுத்த வாழைப்பழம் போல இருக்கும். தோட்டத்தில் வாழை இல்லாமல் அந்த வாசனை மூக்கில் ஏறினால் புகை போட்டு, பெட்டியை மூடிவிட்டு நகருங்கள். வாசனைத் தைலம், ஆஃப்டர்ஷேவ், வியர்வை ஊறிய பழைய உடுப்பு எதுவும் அன்று வேண்டாம்.

வேலையைச் சிறியதாக வையுங்கள். தேன் எடுப்பது, ராணியைத் தேடுவது, கூட்டைப் பிரிப்பது போன்ற நீண்ட வேலைகளை, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அந்த வளர்ப்பாளரிடம் விடுங்கள். கூரைக்குள் இருக்கும் கூட்டை அகற்றப் போவது, வெளியில் கூட்டம் பிடிக்கப் போவது இரண்டும் அலர்ஜி உள்ளவருக்கு அல்ல. அங்கே எத்தனை தேனீ இருக்கும், எந்தப் பக்கம் தப்பிப்பது என்று முன்னால் தெரியாது.

## 10. கொட்டிவிட்டது: அடுத்த நிமிடங்கள்

பெட்டியை மூட நிற்காதீர்கள், அந்த வளர்ப்பாளர் பிறகு வந்து பார்த்துக்கொள்வார். நேராக நடந்து வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போங்கள். நீச்சல் குளத்திலோ ஓடையிலோ குதிக்க வேண்டாம், தலை தூக்கும்வரை காத்திருக்கும் தேனீ இது.

நடந்துகொண்டே கொடுக்கை எடுங்கள். நகத்தால் சுரண்டினாலும் பிடுங்கினாலும் பரவாயில்லை, வேகம்தான் கணக்கு. பை தனியாக நஞ்சைப் பிழிந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் உரிமம் எடுத்துச் சுரண்ட வேண்டும் என்று பையைத் துழாவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நஞ்சு முழுதும் இறங்கிவிடும். சுண்ணாம்பு, மஞ்சள், வெங்காயம் தடவுவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். கொட்டிய இடத்தைக் கவனிக்கும்போது உடம்பின் மற்ற இடங்களைப் பார்க்கத் தவறுவோம்.

உடம்பு முழுக்க எதிர்வினை முன்பு வந்தவருக்கு, கொட்டு தவிர வேறு இடத்தில் ஏதாவது அறிகுறி தென்பட்ட உடனே அட்ரினலின். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பதுதான் அதிக உயிரைக் குடிக்கும் வார்த்தை. ஊசி போட்டு, தேவையில்லாமல் போட்டதாகத் தெரிந்தால் வருவது கொஞ்ச நேரப் படபடப்பும் நடுக்கமும்தான். போடாமல் விட்டால் திரும்ப வழியில்லை. மூச்சு, தொண்டை, மயக்கம் மூன்றில் ஒன்று வந்தால் யாரையும் கேட்க வேண்டாம். ஊசி போடுங்கள், பிறகு அழையுங்கள்.

படுக்க வையுங்கள், கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைத்து, கால்களை நீட்டி விடுங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். "கொஞ்சம் நல்லா இருக்கு" என்று எழுந்து நடக்க விடாதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்தவர் சட்டென எழுந்தால் இதயத்துக்கு ரத்தம் போகாமல் அங்கேயே விழலாம். நிலைமை மாறாவிட்டால் 5 நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி. ஊசி போட்ட நேரத்தை அவர் கையில் பேனாவால் எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டவர் வண்டி ஓட்டக் கூடாது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் இடமாக இருந்தால், ஊசி போட்ட பிறகு வேறொருவர் ஓட்டிக் கொண்டுபோகட்டும். வழியில் எங்கே ஆம்புலன்ஸோடு சந்திப்பது என்று தொலைபேசியில் பேசிக்கொண்டே போகலாம்.

இது ஒற்றைக் கொட்டுக்குச் சொன்னது. பத்திருபது கொட்டுக்கு மேல் விழுந்தால் அலர்ஜி இல்லாதவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மொத்த நஞ்சே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், அது அன்றே வெளியே தெரியாது.

## 11. மருத்துவமனையில்

அறிகுறி போய்விட்டது என்று உடனே வீடு திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எழும்பும் எதிர்வினை சிலருக்கு வரும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், கடுமையாக வந்திருந்தால் இரவும் அங்கே இருங்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் டிரிப்டேஸ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நிபுணர் கேட்பார், அப்போது எடுக்க முடியாது.

வெளியே வரும்போது பயன்படுத்திய ஊசிக்குப் பதில் புதிய சீட்டு கையில் இருக்க வேண்டும்.

## 12. வீட்டில் இருப்பவர்கள்

தேனீ உடுப்பில் ஒட்டிய காய்ந்த நஞ்சும் கொடுக்கும் வீட்டுக்குள் வருவதால், கொட்டே வாங்காத பிள்ளைகளுக்கும் அலர்ஜி உருவாகலாம். உடுப்பை வெளியிலேயே கழற்றுங்கள். மற்ற துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். பக்கியின் பின் இருக்கையில் முகவலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் பிள்ளைகளை அதே இருக்கையில் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவர்கள் அதிகம்.

உங்களுக்குச் சிகிச்சை ஒத்துவரவில்லை, அல்லது டிரிப்டேஸ் அதிகம், அல்லது துணைக்கு நிற்க நிரந்தரமாக ஆள் இல்லை என்றால் பெட்டியைக் கைமாற்றிவிடுங்கள். 1983-ஆம் வருட வேளாண் பூச்சிகள் சட்டப்படி தேனீ வளர்ப்பவர் அரசு வேளாண் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குபவர் பதிவுள்ளவரா என்று பாருங்கள், பெட்டியின் மேல் இருக்கும் உங்கள் பதிவு எண்ணை அழித்துக் கொடுங்கள். பெட்டியை ஏற்றிப் போகும் ராத்திரியில் நீங்கள் வீட்டுக்குள் இருங்கள். வாசல் அடைப்பதும் தூக்குவதும் வாங்குபவர் வேலை. தேன் பிழிவது, மெழுகு உருக்குவது, மரச்சட்டம் அடிப்பது, சீசாவில் ஊற்றுவது எல்லாம் பெட்டி இல்லாமலும் உங்களால் செய்ய முடியும். தேனீ இல்லாத மூடிய அறையில் செய்யுங்கள்; பிழிய வரும் அடையில் ஒன்றிரண்டு தேனீ ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அன்றும் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.